மூலைக்கல்லைக் கண்ணால் பார்க்காமல் தாண்டாதீர்கள்

கேள்வி:

அண்ணா, வணக்கம். நான் கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸில் இருக்கிறேன். இங்கே வந்த பிறகுதான் வேட்டை பழகினேன், பாதுகாப்பு வகுப்பு முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். இந்த வருடம் குலுக்கலில் எனக்கும் நண்பருக்கும் வயோமிங்கில் பிராங்ஹார்ன் மானுக்கு லைசென்ஸ் விழுந்திருக்கிறது, சீசன் அக்டோபரில். எங்கள் ஏரியாவை வரைபட ஆப்பில் திறந்தால் ஒரு கட்டம் அரசு நிலம், அடுத்த கட்டம் தனியார் பண்ணை என்று மாறி மாறி வருகிறது. கவுண்டி ரோட்டை ஒட்டி இருக்கும் அரசுக் கட்டத்துக்கு எல்லோரும் போகிறார்கள், அங்கே மான் நிற்பதில்லை. அதன் மூலையைத் தொட்டுக்கொண்டு குறுக்கே இருக்கும் அடுத்த அரசுக் கட்டத்தில்தான் கூட்டமாக நிற்கிறது. மூலையைத் தாண்டிப் போகலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்கிறார் நண்பர். போன வாரம் இடத்தைப் பார்க்கப் போனோம். மூலைப் பக்கம் முள்வேலியும் ‘அத்துமீறாதே’ பலகையும் இருந்தன. பண்ணை ஆள் ஒருவர் பிக்கப்பில் வந்து, “அந்தப் பக்கம் எங்கள் மாடு மேய்கிற குத்தகை நிலம், போனால் ஷெரீஃபைக் கூப்பிடுவேன்” என்றார். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன், போலீஸ் கேஸ் என்றாலே பயம். உண்மையில் போகலாமா? மூலை எங்கே என்பதற்குப் போனை நம்பலாமா? அடிபட்ட மான் பண்ணைக்குள் ஓடிவிட்டால் என்ன செய்வது? அடுத்த வருடம் மொன்டானாவிலும் இப்படிப் போகலாம் என்கிறாரே, சரியா?

பதில்:

வணக்கம் தம்பி. முதலில் நேரடியான பதில். வயோமிங்கில், இரண்டு மத்திய அரசு நிலங்கள் ஒரே மூலையில் தொட்டுக்கொள்கிற இடத்தில், தனியார் மண்ணில் கால் படாமல், எதையும் சேதப்படுத்தாமல், நடந்து தாண்டினால் அது இன்றைக்குச் சட்டப்படி சரிதான். உங்கள் நண்பர் சொன்னது உண்மை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கோர்ட் உங்களுக்குத் திறந்துவிட்டிருப்பது ஒரு வழித்தடம் இல்லை, ஒரு புள்ளி. நாலு கட்டமும் சேருகிற அந்த ஒரு புள்ளிக்கு இந்தப் பக்கம் இரண்டடி தள்ளித் தாண்டினாலும் நீங்கள் நிற்பது தனியார் மண், அப்போது தீர்ப்பு உங்களுக்குத் துணைக்கு வராது. நான் வக்கீல் இல்லை, நில அளவைத் தொழிலில் இருப்பவன், கொலராடோவிலும் தெற்கு வயோமிங்கிலும் இந்த மூலைக்கற்களைத் தேடுவதுதான் என் வேலை. அதனால் தீர்ப்பைப் பற்றித் தேவையான அளவுக்கும், மூலையைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன். உங்கள் பிரச்சினையும் மூலையில்தான் இருக்கிறது.

தீர்ப்பு வந்த கதை இது. கார்பன் கவுண்டியில் எல்க் மவுண்டன் என்று ஒரு மலை, அதைச் சுற்றி 50 சதுர மைலுக்கு மேல் விரிந்த ஒரு பண்ணை. உரிமையாளர் வட கரோலினாவைச் சேர்ந்த மருந்துத்துறைத் தொழிலதிபர், நிலம் அயர்ன் பார் ஹோல்டிங்ஸ் என்ற அவருடைய நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. பண்ணைக்கு நடுவே அரசுக் கட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. 2020-ல் மிசௌரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் ஒரு மூலையைத் தாண்டினார்கள். அங்கே இரண்டு இரும்புக் கம்பங்கள் நட்டு, நடுவே சங்கிலி கட்டி, பலகையும் மாட்டியிருந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சுழற்றி அந்தப் பக்கம் இறங்கினார்கள். 2021-ல் நான்கு பேராகத் திரும்ப வந்தபோது, கம்பத்தைக்கூடத் தொட வேண்டாம் என்று இரண்டு பக்கமும் கால் ஊன்றுகிற இரும்பு ஏணி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார்கள். ஒரு பக்கக் கால் அரசு நிலத்தில், மறு பக்கக் கால் அடுத்த அரசு நிலத்தில். பண்ணைத் தரப்பு விடவில்லை, அத்துமீறல் என்று நால்வர் மேலும் கிரிமினல் வழக்கு பதிவானது. 2022-ல் உள்ளூர் ஜூரி நால்வரையும் விடுவித்தது. அதற்கு முன்பே பண்ணை சிவில் வழக்கும் போட்டிருந்தது, நிலத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று 70 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு. 2023 மே மாதம் மத்திய அரசின் மாவட்ட நீதிபதி ஸ்காட் ஸ்காவ்டால் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2025 மார்ச் 18 அன்று பத்தாவது சர்க்யூட் என்கிற, வயோமிங் உள்ளிட்ட வட்டாரத்துக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பண்ணை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, அக்டோபர் 2025-ல் அந்த நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கே எடுக்கவில்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘காற்றில் தாண்டினால் அத்துமீறலே இல்லை’ என்று சொல்லவில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு பேசுகிறார்கள். வயோமிங் மாநிலச் சட்டப்படி நிலத்துக்கு மேலே உள்ள வெளியும் நிலத்துக்காரருக்குச் சொந்தம், மூலையில் தாண்டும்போது உங்கள் தோளும் பையும் அந்த வெளியில் புகாமல் இருக்க முடியாது, அதுவரை பண்ணை சொன்னது சரி என்றே வைத்துக்கொண்டது. ஆனால் 1885-ல் அமெரிக்க காங்கிரஸ் போட்ட ஒரு சட்டம் மாநிலச் சட்டத்துக்கு மேலே நிற்கிறது என்றது. மாட்டுப் பண்ணை முதலாளிகள் அரசு நிலத்தைச் சுற்றி வேலி போட்டுத் தங்கள் சொத்துபோல வைத்துக்கொண்ட காலத்தில், அதைத் தடுக்க வந்த அடைப்புத் தடைச் சட்டம் அது. வேலி போட்டோ, பலத்தால் தடுத்தோ, மிரட்டியோ பொது நிலத்துக்குப் போகிறவரை மறிக்கக் கூடாது என்கிறது. கொலராடோவில் ஒருவர் தன் சொந்தக் கட்டங்களுக்குள்ளேயே சாமர்த்தியமாக வேலி போட்டு, நடுவே இருந்த 20,000 ஏக்கர் அளவு அரசு நிலத்தை வளைத்துக்கொண்டார். வேலி நிற்பது என் மண்ணில்தானே என்று கேட்டார். 1897-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சட்டம்தான் இப்போது உங்களுக்கும் பாதுகாப்பு.

அதே சட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். இதே கார்பன் கவுண்டியில் செமினோ ஏரிக்குப் போக மூலை வழியாக அரசு ஒரு ரோடு போட்ட வழக்கில், 1979-ல் உச்ச நீதிமன்றம் நிலத்துக்காரர் பக்கம் நின்றது. ஆக, மூலையில் ரோடு கிடையாது, ஏடிவி என்கிற நாலு சக்கரக் காட்டு வண்டியும் கிடையாது. நடந்து ஒரு எட்டு வைக்கலாம், அவ்வளவுதான். மான் இறைச்சியை இழுத்துவர நண்பர் சக்கர வண்டி வைத்திருந்தால் அதையும் மூலையில் உருட்டாதீர்கள். இரண்டு சக்கரமும் ஒரு புள்ளியில் போக முடியாது, ஒன்றாவது தனியார் மண்ணில்தான் உருளும். காலும் தொடையுமாகத் துண்டு போட்டு, பையில் வைத்து, ஒருவர் இந்தப் பக்கம் நின்று மற்றவர் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி மூலைக்கு வருகிறேன்.

உங்கள் ஆப்பில் தெரிகிற கட்டங்கள் ரயில்வேயால் வந்தவை. 1862, 1864 சட்டங்கள் யூனியன் பசிபிக் கம்பெனிக்குத் தண்டவாளத்தின் இரு பக்கமும் 20 மைல் தூரம் வரை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கட்டங்களைக் கொடுத்தன. ஒற்றைப்படை எண் கட்டம் கம்பெனிக்கு, இரட்டைப்படை அரசுக்கு. கம்பெனி விற்றது, கைமாறிக் கைமாறி இன்றைய பண்ணைகளிடம் வந்தது. ஒரு கட்டம் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். 36 கட்டம் சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். எண் போடுவது வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும், அடுத்த வரிசையில் 7 மேற்கிலிருந்து தொடங்கிக் கிழக்கே திரும்பும், உழுகிற மாடு சால் முடிவில் திரும்புகிற மாதிரி. இந்த வரிசையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், களத்தில் உதவும். உதாரணத்துக்கு 14-ம் 24-ம் அரசுக் கட்டம், 13-ம் 23-ம் பண்ணை என்றால், நாலும் சேருகிற மூலையில் வடமேற்கே 14 இருக்கும், தென்கிழக்கே 24 இருக்கும். நீங்கள் போகிற திசை வடமேற்கிலிருந்து தென்கிழக்கு. வேறு எந்தத் திசையில் அடி வைத்தாலும் தவறு.

இரட்டைப்படை எல்லாம் மத்திய அரசு என்று நினைத்துவிடவும் வேண்டாம். 16-ம் 36-ம் பள்ளிக்கூடங்களுக்கென்று வயோமிங் மாநிலத்துக்குக் கொடுக்கப்பட்ட கட்டங்கள், இன்றும் பெரும்பாலும் மாநில அறக்கட்டளை நிலமாகவே இருக்கின்றன. ஆப்பில் அவற்றின் நிறம் வேறாக இருக்கும். சட்டப்படி போக வழியிருந்தால் அங்கே வேட்டையாடலாம், ஆனால் இரவு தங்கவும் தீ மூட்டவும் கூடாது. 1885 சட்டம் அமெரிக்க மத்திய அரசின் பொது நிலத்தைப் பற்றியது, அதனால் உங்கள் மூலையில் ஒரு பக்கம் மாநிலக் கட்டமாக இருந்தால் என் ஆலோசனை, அந்த ஏரியாவின் கேம் வார்டனிடம், அதாவது வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கிற மாநில அதிகாரியிடம், பேசாமல் அங்கே தாண்டாதீர்கள். இரண்டு பக்கமும் நில மேலாண்மைப் பணியகத்தின், அதாவது பி.எல்.எம்.மின், மஞ்சள் நிறமாக இருந்தால் நீங்கள் தீர்ப்பின் நடுவில் நிற்கிறீர்கள்.

போனை நம்பலாமா என்று கேட்டீர்கள். மூலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவதற்கு நம்பலாம். தாண்டுவதற்கு நம்பக் கூடாது. இதில் இரண்டு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேருகின்றன. முதலாவது, திறந்த வெளியிலேயே போனின் ஜிபிஎஸ் சுமார் 16 அடி தள்ளிக் காட்டலாம். இது பலருக்குத் தெரியும். இரண்டாவது பலருக்குத் தெரியாது. திரையில் நீங்கள் பார்க்கிற கோடு யாரும் அளந்து போட்ட கோடு இல்லை. கவுண்டி வரி அலுவலகத்தின் வரைபடமும் அரசின் கணினித் தரவும் சேர்த்துத் தைத்தது அது. சில மூலைகளில் கோடும் கல்லும் கச்சிதமாகப் பொருந்தும். சில மூலைகளில் நூறடிக்கு மேல் விலகி நிற்கும். எந்த மூலை எப்படி என்று திரையைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது.

கட்டம் என்று சொல்கிறோமே தவிர, தரையில் அது சரியான சதுரமும் இல்லை. பெரும்பாலும் 1870, 80-களில் ஒப்பந்த சர்வேயர்கள் 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு, காம்பஸைப் பார்த்துக்கொண்டு, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி அளந்தது. ஒரு மைல் என்று எழுதியிருப்பது உண்மையில் ஒரு மைலுக்குக் கூடவோ குறையவோ இருக்கும். ஆனால் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அன்றைக்கு அவர்கள் எங்கே கல்லை நட்டார்களோ அதுதான் மூலை. கணக்குப்படி அது தப்பான இடத்தில் இருந்தாலும் அதுதான் மூலை. 150 வருடம் கழித்து நான் லட்ச ரூபாய்க் கருவியோடு போய் அளந்தாலும் அந்தக் கல்லை நகர்த்த எனக்கு உரிமை இல்லை. எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அன்று வெயிலில் யாரோ ஒரு கூலிக்காரர் குழி தோண்டி நிறுத்திய கல்லுக்கு, இன்றைய செயற்கைக்கோளைவிட மதிப்பு அதிகம்.

அந்தக் கல் எப்படி இருக்கும்? பழையதாக இருந்தால் நிஜமாகவே கல், அந்த ஊர்ப் பாறையில் எடுத்தது, பாதி மண்ணுக்குள். விளிம்பில் உளியால் வெட்டிய பள்ளங்கள் இருக்கும். அவை கணக்கு. கிழக்கு விளிம்பில் எத்தனை வெட்டு இருக்கிறதோ அத்தனை மைலில் டவுன்ஷிப்பின் கிழக்கு எல்லை, தெற்கு விளிம்பில் எத்தனை வெட்டோ அத்தனை மைலில் தெற்கு எல்லை. நான் சொன்ன 13, 14, 23, 24 சேருகிற மூலை என்றால் கிழக்கில் ஒன்று, தெற்கில் மூன்று. பாசி படிந்த கல்லை விரலால் தடவிப் பார்த்து எண்ணினால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். 1910-க்குப் பிறகு அளந்த இடங்களில் இரும்புக் குழாயும் அதன் தலையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பித்தளை மூடியும் இருக்கும். மூடியில் டவுன்ஷிப் எண், ரேஞ்ச் எண் (டவுன்ஷிப் கிழக்கு மேற்காக எத்தனையாவது என்பது), அளந்த வருடம் எல்லாம் குத்தியிருக்கும். நடுவே ஒரு குறுக்குக் கோடு போட்டு, நாலு பக்கமும் நாலு கட்டத்தின் எண். சில பழைய மூடிகளில் ‘அகற்றினால் 250 டாலர் அபராதம்’ என்றும் இருக்கும். குழாய் தரைக்கு மேலே சில அங்குலம்தான் தெரியும், சேஜ் புதர் மூடியிருந்தால் அதுவும் தெரியாது. பக்கத்தில் ஒரு சிறு கற்குவியல் இருந்தால் அதைச் சுற்றித் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூடியில் நாலு எண்ணுக்குப் பதிலாக ‘1/4’ என்று போட்டு இரண்டு எண் மட்டும் இருந்தால் அது மூலை இல்லை. ஒரு கட்டத்தின் பக்கத்தில் நட்ட நடு மைலில் வைக்கிற கல் அது. அங்கே தாண்டினால் நேராகப் பண்ணைக்குள்தான் இறங்குவீர்கள்.

களத்துக்குப் போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடித்துவிடலாம். பி.எல்.எம். இணையதளத்தில் பழைய நில அலுவலகப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் டவுன்ஷிப்பின் வரைபடத்தையும் சர்வேயரின் களக் குறிப்பையும் எடுத்துப் பாருங்கள். எந்த மூலையில் என்ன நட்டார், எவ்வளவு பெரிய கல், பக்கத்தில் ஓடை இருந்ததா என்று அவரே எழுதி வைத்திருப்பார். அப்புறம் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு போன். வயோமிங்கில் சர்வேயர்கள் ஒரு மூலையைக் கண்டுபிடித்தாலோ புதுப்பித்தாலோ அதை அங்கே பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் மூலைக்குப் பதிவு இருந்தால் என்ன கிடந்தது, எப்படிக் கிடந்தது என்று ஒரு தாளில் கிடைத்துவிடும். பதிவு இருக்கிற மூலையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். மான் எங்கே அதிகம் நிற்கிறது என்று பார்த்து மூலையைத் தேர்ந்தெடுப்பதைவிட இது புத்திசாலித்தனம்.

சில மூலைகளை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். முழுக் கட்டமாக இல்லாமல் 40 ஏக்கர், 80 ஏக்கர் துண்டுகளாக நிலம் பிரிந்திருந்தால், அந்தத் துண்டுகளின் மூலையில் அரசு சர்வேயர்கள் பெரும்பாலும் எதுவும் நட்டதில்லை. அவர்கள் நட்டது மைலுக்கு ஒன்று, அரை மைலுக்கு ஒன்று. ஆப்பில் அழகாக ஒரு புள்ளி தெரியும், தரையில் ஒன்றுமே இருக்காது. அதேபோல டவுன்ஷிப்பின் ஓரத்தில் இருக்கிற மூலைகள். தெற்கிலிருந்து அளந்து வந்தவரும் வடக்கிலிருந்து தொடங்கியவரும் ஒரே இடத்தில் சந்திக்காமல் போவது சகஜம், அதனால் சில எல்லைக் கோடுகளில் இரண்டு கற்கள் விலகி நிற்கும். திரையில் இரண்டு அரசுக் கட்டமும் தொட்டுக்கொள்வது போலத் தெரிந்தாலும், தரையில் நடுவே சில அடி தனியார் மண் இருக்கும், தொடவே தொடாது. அந்த மாதிரி இடத்தில் எந்தத் தீர்ப்பும் உதவாது.

வேலியைப் பார்த்து மூலையை முடிவு செய்யாதீர்கள். இந்த நாட்டில் மாட்டுக்காக வேலி போடுகிறவர் பாறையைச் சுற்றி, ஓடையை விட்டு, கம்பம் இறங்குகிற மண்ணாகப் பார்த்துத்தான் போடுவார். எல்லையிலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பலகை இருக்கிற இடமும் அப்படித்தான். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: வயோமிங்கில் நிலத்துக்காரர் பலகையோ வேலியோ வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒன்றும் இல்லாத வெட்டவெளியாக இருந்தாலும் யார் நிலம் என்று தெரிந்துகொள்கிற பொறுப்பு வேட்டைக்காரருடையது.

ஆகவே சீசன் தொடங்குவதற்கு முன், துப்பாக்கி இல்லாமல், ஒரு முழுப் பகல் ஒதுக்கி ரோட்டை ஒட்டிய அரசுக் கட்டத்துக்குப் போங்கள். அங்கே நிற்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அரசுக் கட்டத்துக்குள்ளேயே நின்று மூலையைத் தேடுங்கள். தோண்டாதீர்கள், எதையும் அசைக்காதீர்கள். அரசு மூலைக்கல்லை வேண்டுமென்றே நகர்த்தினாலோ சிதைத்தாலோ மத்தியச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை. மூடி கிடைத்தால் எழுத்துகள் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, சுற்றுப்புறம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. பாதி நாளாவது தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்த மூலையை மறந்துவிடுங்கள். ‘சுமாராக இங்கேதான்’ என்று தாண்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் அதை நிரூபிக்க முடியாத இடத்தில் நீங்களாகப் போய் நிற்க வேண்டாம்.

கிடைத்துவிட்டது என்றால், தாண்டுகிற நாளில் மூடிக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால், நேர் குறுக்காக. வேலி குறுக்கே வந்தால் இரண்டு பக்கமும் கால் ஊன்றும் ஏணி நல்ல யோசனை. கம்பியை அமுக்காதீர்கள், கம்பத்தில் கை வைக்காதீர்கள், வெட்டுகிற பேச்சே வேண்டாம். போகும்போதும் வரும்போதும் நண்பர் போனில் படம் எடுக்கட்டும். ஆப்பில் உங்கள் நடைத்தடத்தைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அது உங்களுக்கு எதிராகவும் சாட்சி சொல்லும் என்பது நினைவிருக்கட்டும். எல்க் மவுண்டன் வழக்கில் ஒருவர் போனில் குறித்து வைத்திருந்த ஒரு புள்ளி பண்ணைக்குள் விழுந்திருந்தது. மற்ற எல்லாம் வேட்டைக்காரர்கள் பக்கம் முடிந்த பிறகும் அந்த ஒரு புள்ளி மட்டும் கொஞ்ச காலம் வழக்கில் தனியாக நின்றது.

பண்ணை ஆள் சொன்ன குத்தகை விஷயம். அந்த அரசுக் கட்டத்தில் அவர்கள் மாடு மேய உரிமம் வாங்கியிருப்பார்கள், அது சாதாரணம். ஆனால் பி.எல்.எம். மேய்ச்சல் உரிமம் புல்லுக்குத்தான். அந்த நிலத்தில் நடக்கிற மற்றவர்களைத் துரத்துகிற உரிமை அதில் இல்லை. இதை அவரிடம் வாதாட வேண்டாம். கையில் துப்பாக்கியோடு நிற்கிற இரண்டு பேரும், தன் மாட்டைப் பற்றிக் கவலையில் இருக்கிற ஒருவரும் வெட்டவெளியில் சட்டம் பேசி எதுவும் விளங்கப்போவதில்லை. பெயர் சொல்லுங்கள், எந்த மூலைக்கல் என்று சொல்லுங்கள், கேட்டால் படத்தைக் காட்டுங்கள். வழியை மறித்தாலோ மிரட்டினாலோ திரும்பி வந்து கேம் வார்டனையும் ஷெரீஃப் அலுவலகத்தையும் நீங்களே கூப்பிடுங்கள். முதல் போன் உங்களுடையதாக இருப்பது நல்லது. இன்னும் நல்லது, சீசனுக்கு முன்பே வார்டனிடம் இந்த மூலையைப் பற்றிப் பேசி வைப்பது.

பண்ணையில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். மூலையைத் தாண்டத் தேவையில்லை, கேட்டு அவர் மறுத்துவிட்டால் பிறகு போவது வீண் பகை. ஆனால் போய் அறிமுகம் செய்துகொள்ளலாம்: இந்தத் தேதியில் இந்தக் கட்டத்தில் இருப்போம், உங்கள் மாடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டால் சுடாமல் தவிர்க்க வேண்டிய திசையாவது தெரியும். அந்தக் குடும்பம் வருடம் முழுக்க அங்கே பனியிலும் காற்றிலும் இருக்கிறது, நீங்கள் சில நாள்தான். இது சட்டத்துக்காகச் சொல்வதில்லை.

விசா விஷயம் என் துறை இல்லை, ஆனால் ஒன்றை நீங்கள் தெரிந்தே ஆக வேண்டும். எச்1பி போன்ற குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. நீங்கள் துப்பாக்கியைத் தொடுவதே அந்த விலக்கின் பேரில்தான். எனவே லைசென்ஸ் எப்போதும் கையில் இருக்கட்டும், அதன் காலம் முடிந்த பிறகு துப்பாக்கியை என்ன செய்வது என்பதைக் குடியேற்ற வக்கீலிடம் ஒரு முறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். வழக்கு பதிவானால் விசாவுக்கு என்ன ஆகும் என்பதையும் அதே உட்காரலில் கேளுங்கள். மேலே சொன்ன நால்வரும் ஜெயித்தார்கள் என்பது உண்மை, ஆனால் 2021-ல் தாண்டியதற்கு 2025 வரை கோர்ட் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு விசாக் கவலை இல்லை, உங்களுக்கு இருக்கிறது. உங்கள் இடத்தில் என் தம்பி இருந்தால், கல் கையில் தட்டுப்படாத மூலைப் பக்கம் அவனைப் போகவே விடமாட்டேன்.

அடிபட்ட மான் பண்ணைக்குள் ஓடினால் நீங்கள் பின்னால் போகக் கூடாது. உங்கள் குண்டு, உங்கள் மான், கண்ணெதிரே விழுந்து கிடக்கிறது என்றாலும் நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் அடி வைத்தால் அத்துமீறல். விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, எல்லையிலேயே நின்று, பண்ணைக்கு போன் செய்யுங்கள். கிடைக்கவில்லை, அல்லது மறுக்கிறார் என்றால் உடனே வார்டன். நாம் சுட்ட மான் எடுக்க ஆளில்லாமல் அழுகுவது எந்த வேட்டைக்காரருக்கும் பொறுக்காது. அதனால்தான் எல்லையிலிருந்து தள்ளி, கட்டத்தின் உள்ளே நிற்கிற மானை மட்டும் சுடுங்கள் என்கிறேன். பிராங்ஹார்ன் அடிபட்ட பிறகும் சில நூறு கெஜம் ஓடக்கூடியது, கட்டத்தின் அகலமே ஒரு மைல்தான். மூலைக்குப் பக்கத்தில் நின்று சுடுவது மிக மோசமான தேர்வு, இரண்டு பக்கமும் பண்ணை.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நியாயமான முடிவுதான். வயோமிங் வனவிலங்குத் துறையின் ‘ஆக்சஸ் யெஸ்’ திட்டத்தில் தனியார் நிலத்துக்காரர்களே வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிட்ட இடங்கள் இருக்கின்றன. சிலவற்றில் நேரடியாக நடந்து போகலாம், சிலவற்றுக்கு முன்கூட்டி அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். உங்கள் லைசென்ஸ் ஏரியா எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக மொன்டானா. பத்தாவது சர்க்யூட்டின் தீர்ப்பு கட்டுப்படுத்துவது வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களை. மொன்டானா ஒன்பதாவது சர்க்யூட்டில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவில்லை என்றால் நாடு முழுக்க அனுமதித்துவிட்டது என்று அர்த்தம் ஆகாது, எந்தப் பக்கமும் அது தீர்ப்பு சொல்லவில்லை. தீர்ப்பு வந்த பிறகும் மொன்டானா வனவிலங்குத் துறை, எங்கள் மாநிலத்தில் மூலை தாண்டுவது சட்டவிரோதம்தான் என்று அறிவித்திருக்கிறது. அங்கே தாண்டினால் அடுத்த சோதனை வழக்கு உங்கள் பெயரில் வரும். நண்பரிடம் சொல்லுங்கள், மொன்டானாவுக்குப் போவதானால் அங்குள்ள ‘பிளாக் மேனேஜ்மென்ட்’ நிலங்களில் போகலாம். தனியார் நிலம்தான், மாநிலம் பணம் கொடுத்து வேட்டைக்குத் திறந்து வைத்திருக்கிறது. சில இடங்களுக்கு முன்பதிவு வேண்டும், அவை சீக்கிரம் நிரம்பிவிடும், கோடையிலேயே பட்டியலைப் பார்த்து வையுங்கள்.